எடைமேடை ரூமுக்குப் போற லான் கேபிள்: 100தான் காட்டுது, மழை பெஞ்சா அதுவும் இல்ல

நெல்லுமூட்டை: மன்னார்குடி பக்கம் ரைஸ் மில். ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்ச்லேருந்து எடைமேடை ரூமுக்கு 70 மீட்டர் கேட் 6 கேபிள், பாதி தூரம் தென்னைமரத்தை ஒட்டி வெளியிலேயே போகுது. ரெண்டு பக்கமும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்தான், ஆனா 100 எம்பிபிஎஸ்ல நிக்குது. மழை பெஞ்சா லிங்க் வந்து வந்து போகுது. சுவிட்சை மாத்தியும் அப்படியேதான்.

குடந்தை கிரிம்பர்: சுவிட்ச் பாவம், விட்டுடுங்க. 100க்கு 1, 2, 3, 6 நாலு பின் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். அப்ப 4-5 (நீலம்) இல்ல 7-8 (பிரவுன்) ஜோடியில ஒண்ணு விட்டிருக்கு. லான் கேபிள் டெஸ்டர் மாட்டி எந்த லைட் எரியலைன்னு சொல்லுங்க.

நெல்லுமூட்டை: 7 எரியல. 8 மினுக்குது.

குடந்தை கிரிம்பர்: எடைமேடை பக்கக் கனெக்டரை வெட்டிட்டு ஒரு கம்பியை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துல செம்பு பூசின மட்ட கேபிள், நாலு தடவை வளைச்சா முறிஞ்சிடும். உள்ளயும் செவப்புன்னா தப்பிச்சீங்க.

கனெக்டரைத் திரும்ப அடிக்கிற கம்பி வரிசை, 1லேருந்து 8 வரை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை 13 மி.மீ.க்கு மேல பிரிக்காதீங்க. மேலுறை கனெக்டருக்குள்ள போய் பிடியில உக்காரணும். பச்சை ரெண்டையும் 3, 4ல அடுத்தடுத்து வைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா டெஸ்டர்ல எட்டும் எரியும், லைன் மட்டும் திணறும்.

நெல்லுமூட்டை: செம்புதான் அண்ணே. ஆனா கம்பி பச்சை பூத்திருக்கு. ஒரு அடி வெட்டியும் உள்ள ஈரம்.

வெண்ணாத்தங்கரை: அப்ப கனெக்டர் மாத்தி புண்ணியமில்ல தம்பி. மட்டை உரசுற இடத்துலயோ, அணில் கடிச்ச இடத்துலயோ மேலுறை கிழிஞ்சு, தண்ணி உள்ளேயே ஓடியிருக்கும். நடுவுல ஜாயின்ட் போடாதீங்க. கருப்பு உறை, ஜெல் நிரப்பின அவுட்டோர் கேபிளா மாத்துங்க. சுவருக்குள்ள நுழையுமுன்ன அரை அடி கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, தண்ணி அங்கயே சொட்டிடும்.

என்னைக் கேட்டா ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்). ரெண்டு கட்டடம், ரெண்டு எர்த். ஐப்பசி இடிக்கு செம்புக் கேபிள் போர்ட்டைக் காவு வாங்கும். ஃபைபரும், அதை லான் போர்ட்டோட இணைக்கிற மீடியா கன்வெர்ட்டர் பெட்டி ரெண்டும் போதும்.

நெல்லுமூட்டை: மோட்டார் லைன் போற பைப்புல இடம் இருக்கு. அதுலயே இழுக்கலாமா?

வெண்ணாத்தங்கரை: லான் கேபிள்னா கூடவே கூடாது. ஃபைபருக்கும் தனியா ஒரு பைப் போடுங்க, நாளைக்கு மோட்டார் வயர் மாத்தறவர் சேர்த்து இழுத்துடுவார்.