"தண்ணீரில் எடை இல்லை" என்று சொல்லி அடிபட்ட ரிட்ரீவரை ஏரியில் இறக்கலாமா?

கரைமேடு:
இன்னொரு இழையில் ஆழியன் எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். ஒருவர், சுட்ட வாத்தை எடுத்துவரும் தன் ரிட்ரீவர் நாயான லாப்ரடாருக்கு முன்கால் மணிக்கட்டில் லேசான சுளுக்கு, வாத்து சீசன் நெருங்கிவிட்டது, பயிற்சியை எப்படித் தொடர்வது என்று கேட்டிருந்தார். அதற்கு இவர் பதில்: "மூன்று நாள் ஓய்வு, அப்புறம் நேராக ஏரி. தண்ணீரில் எடை இல்லை. டம்மி வீசி எடுத்துவரச் சொல்லுங்கள், காலும் தேறும், பயிற்சியும் நிற்காது."

ரிட்ரீவர் ஏரிக்குள் நடந்தா போகிறது? பறவைக்குப் பதிலாக வீசும் அந்த டம்மி விழுந்த நொடியில் கரையிலிருந்து பாய்கிறது. அந்த வேகம் முழுவதும் முன்கால்களில்தான் போய் விழும். திரும்பும்போது வாயில் டம்மியோடு, சேற்றில் வழுக்கியபடி, அதே முன்கால்களை ஊன்றித்தான் மேலே ஏறும். நடுவில் நீந்துகிற கொஞ்ச நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எடை இல்லை என்று ஒருவருக்கு ஆலோசனை சொல்லலாமா?

ஆழியன்:
வணக்கம் கரைமேடு சார். போன சீசனில் விசில் இழையில் நமக்குள் தொடங்கிய சண்டை இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

நான் சொன்னது தண்ணீரில் எடை இல்லை என்பது. அதில் என்ன தவறு? நாய்களுக்கான பிசியோதெரபி மையங்களில் தண்ணீர்த் தொட்டிக்குள் டிரெட்மில் வைத்திருக்கிறார்களே, அழகுக்கா? வாரக்கணக்கில் கூண்டில் அடைத்தால் சதை வற்றும். வற்றிய சதையோடு சீசனில் இறக்கினால் அடுத்த காயம் நிச்சயம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

கரைமேடு:
டிரெட்மில்லை நீங்களே எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. தண்ணீர் எந்த அளவு இருந்தால் நாயின் கால் எவ்வளவு எடை தாங்குகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பின்கால் கணு வரை தண்ணீர் இருந்தால் 91 சதவீதம். முட்டி வரை இருந்தால் 85. இடுப்பு வரை ஏறினால்தான் 38. அதுவும் தண்ணீருக்குள் அசையாமல் நிற்கும் நாய்க்கு.

நாய் உங்கள் ஏரியின் விளிம்பில் ஓடும் இடத்தில் தண்ணீர் எதுவரை இருக்கிறது? முட்டி வரை. அங்கே 85 சதவீத எடை. அதுவும் பாய்ச்சலோடு. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செம்பழுப்பன்:
இதெல்லாம் லாப்ரடார்காரர்களின் கவலை. 1807-ல் மேரிலாந்து கரையோரம் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து மீட்ட இரண்டு நாய்க்குட்டிகளின் வழியில் வந்ததாகச் சொல்லப்படும் இனம் எங்கள் செசபீக் ரிட்ரீவர். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் வேலை செய்த பரம்பரை. லேசான சுளுக்கையெல்லாம் அது கண்டுகொள்ளாது.

கரைமேடு:
கண்டுகொள்ளாது என்பதுதான் ஆபத்து, செம்பழுப்பன். வேட்டை வெறி உள்ள நாய் பறவையைப் பார்த்தால் வலியை மறந்து ஓடும். வீட்டுக்கு வந்து படுத்து எழும்போதுதான் நொண்டும். நாயின் உற்சாகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெட்டியான தரையில் கயிற்றோடு மெதுவோட்டம் விட்டு, முன்னாலிருந்து வீடியோ எடுத்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது இறங்கும். 1807 கப்பல் கதை அந்தத் தலையாட்டத்தை நிறுத்தாது.

செம்பழுப்பன்:
எங்கள் இனத்தின் வரலாற்றைக் கப்பல் கதை என்று இளக்காரமாகச் சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

மஞ்சள்வால்:
எல்லோரும் காலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஓய்வில் உடல் தளர்ந்த நாயைத் திடீரென்று குளிர்ந்த நீரில் நீண்ட நேரம் நீந்தவிட்டால் வால் பழுதாகலாம். அடிவால் விறைத்து, மீதி வால் செத்ததுபோலத் தொங்கும், தொட்டால் கத்தும். எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் லாப்ரடார்களை வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நீந்தும் நாய்களுக்கும் வேலை செய்யும் நாய்களுக்கும் இது அதிகம் என்று தெரிந்தது. பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகும். ஆனால் அடிபட்ட நாய்க்கு அதையும் எதற்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

ஆழியன்:
இங்கே யாராவது வாலைப் பற்றிக் கேட்டார்களா? கேள்வி கால். பதில் தண்ணீர். தண்ணீரில் எடை இல்லை. அப்புறம் கரைமேடு சார், என் நாய்க்கு மருத்துவர் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்தார். மறுநாளே நொண்டல் நின்றுவிட்டது. நொண்டாத நாயை எதற்குக் கட்டிப்போட வேண்டும்?

கரைமேடு:
இதைப் படித்தபோது உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. வலி குறைந்ததால் நொண்டவில்லை, அவ்வளவுதான். பிய்ந்த தசைநார் மருந்தால் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளாது. தசை ஓரளவு சீக்கிரம் ஆறும். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். மருந்தின் பலத்தில் பாயவிட்டால் லேசான சுளுக்கு நிரந்தரக் கோளாறாகிவிடும். இதைப் படிக்கும் யாரும் வீட்டில் இருக்கும் ஐபுபுரோஃபெனையோ பாரசிட்டமாலையோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம்.

இன்னொன்று. நாய் நீந்தும்போது பெரும்பாலும் முன்கால்களால்தான் தண்ணீரை இழுக்கிறது. தோளும் முழங்கையும் நிலத்தில் நடப்பதைவிட அதிகமாக மடங்கி விரிகின்றன. முன்கால் அடிபட்ட நாய்க்கு ஆழத்திலும் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

நாணல்:
ஐயா, ஒரு சந்தேகம். "லேசான காயம்" என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? என் கோல்டன் ரிட்ரீவருக்கு உள்ளங்காலில் வெட்டு. அதுவும் இதில் சேருமா?

கரைமேடு:
நாணல் தம்பி, வெட்டு முழுவதும் மூடும்வரை தண்ணீர் கூடவே கூடாது. நனைந்த கட்டோடு இருந்தால் தோல் ஊறி, புண் விரியும். பாதத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் சரி என்றால், சின்னக் கயிற்று நடை.

பயிற்சி நின்றுவிடுமே என்று பயப்பட வேண்டாம், நிற்காது. ஆழியன் போன்றவர்கள் டம்மி வீசுவதை மட்டுமே பயிற்சி என்று நினைக்கிறார்கள். சீசனில் பறவையைக் கோட்டைவிடும் நாய்களில் பல, நீந்தத் தெரியாததால் கோட்டைவிடுவதில்லை. சுடும் முன்பே பாய்ந்துவிடுகின்றன, விசிலுக்குத் திரும்புவதில்லை, கரைக்கு வந்ததும் பறவையைக் கீழே போட்டுவிட்டு உடம்பை உதறுகின்றன. இவையெல்லாம் ஓடாமலே திருத்தக்கூடியவை. பலகைமேல் உட்காரவைத்து, எதிரே டம்மியை வைத்துவிட்டு, பெயர் சொல்லும்வரை அசையாமல் இருக்கப் பழக்கலாம். வாயில் டம்மியைக் கொடுத்து, கேட்கும்வரை விடாமல் பிடிக்கச் சொல்லலாம். கயிற்றோடு இரண்டடி நடக்கவிட்டு ஒற்றை விசிலுக்கு உட்காரவைக்கலாம். இடது, வலது, பின்னால் என்ற கைச்சைகைகளை நாலடி தூரத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம். இதில் கெட்டிப்பட்ட நாய், ஓய்விலிருந்து திரும்பும்போது முன்பைவிட நிதானமாக வேலை செய்யும்.

ஆழியன்:
வந்துவிட்டது விசில்! போன சீசனில் "ஒற்றை விசிலா, இழுத்து ஊதும் விசிலா" என்று பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அதன் தொடர்ச்சியா? உட்கார்ந்தே பயிற்சி பெற்ற நாய் சீசனில் உட்கார்ந்தே இருக்கும்.

மஞ்சள்வால்:
விசில் இழையில் கரைமேடு சொன்னதுதான் சரி. அன்று நீங்கள் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர் போடச் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆழியன்:
ஷாக் காலர் என்று நான் சொல்லவில்லை. அதிர்வு மட்டும் தரும் காலர் என்றேன். இங்கே எதைச் சொன்னாலும் திரித்துவிடுவார்கள். தண்ணீர் விஷயத்திலும் அதேதான். சரிவான கரையில் இறக்கினால் நாய் பாயத் தேவையே இல்லை. நான் சரிவான கரையைத்தான் சொன்னேன்.

கரைமேடு:
எங்கே சொன்னீர்கள்? உங்கள் பதிலை முழுதாக மேலே எடுத்துப் போட்டிருக்கிறேன். அதில் சரிவு என்ற சொல்லைக் காட்டுங்கள்.

சரி, சரிவான கரை என்றே வைத்துக்கொள்வோம். சரிவு என்றால் ஆழம் மெதுவாகத்தான் கூடும். நாய் முட்டியளவுத் தண்ணீரில் இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும், அடியில் சேறும் கல்லும் வேறு. மறுபடியும் அதே 85 சதவீதம். முதலில் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை.

செம்பழுப்பன்:
எனக்கும்தான் பதில் வரவில்லை. கப்பல் கதை என்று சொன்னதைத் திரும்பப் பெறுவீர்களா, மாட்டீர்களா?

ஆழியன்:
நீங்கள் சதவீதத்தை எண்ணிக்கொண்டே இருங்கள் சார். நாளைக் காலை என் நாய் தண்ணீரில் இருக்கும்.

கரைமேடு:
இருக்கட்டும். அது கரையேறும் வீடியோவை இங்கே போடுங்கள். நீந்துவதை யாரும் கேட்கவில்லை, முன்கால் கரையில் ஊன்றும் இடத்தைப் போடுங்கள்.