ஓ.பி. பதிவேட்டில் பெண்களே அதிகம்: "ஆண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிடலாமா?

மாத்திரைச்சீட்டு:
வணக்கம். எம்.டி. ஆய்வேட்டுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓராண்டு ஓ.பி. பதிவேட்டை எக்செல்லில் ஏற்றியிருக்கிறேன். மொத்த வருகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். 20–34 வயதில்தான் இடைவெளி மிக அதிகம். 60 தாண்டினால் இரு பாலாருமே குறைகிறார்கள். நோய் கூடுகிற வயதில் வருகை ஏன் குறைய வேண்டும்? "ஆண்களிடம் விழிப்புணர்வு போதாது" என்று முடிவெழுதச் சொல்கிறார் கைடு. இந்தத் தரவை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா?

வகுஎண்:
முடியாது. நீங்கள் எண்ணியிருப்பது சீட்டுகளை. ஒரு கர்ப்பிணி ஒன்பது மாதத்தில் எத்தனை முறை வருகிறாரோ அத்தனை வரிசையில் அவர் பெயர் இருக்கும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். இந்த இரண்டு நாளின் சீட்டுகளைத் தனியே பிரித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், படமே மாறும்.

அடுத்து, வயது வாரியாக, பால் வாரியாக மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 20–34 வயதில் பெண்கள் 1,200, ஆண்கள் 1,200 என்று வையுங்கள். ஆண்டு வருகை பெண்கள் 2,400, ஆண்கள் 800. ஆயிரம் பேருக்கு 2,000, 667. அதாவது மூன்று மடங்கு. பெண்களின் 2,400-இல் 1,300 கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனை, கருத்தடை என்றால், மிஞ்சுவது 1,100, ஆயிரத்துக்கு 917. மூன்று மடங்கு 1.4 மடங்காகச் சுருங்கிவிட்டது. கைடிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், வாதாடத் தேவையிருக்காது.

60-க்கு மேல் குறைவது நோய் குறைந்ததால் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்குப் பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. அவர்கள் பெயர் ஓ.பி.யில் வராது, அந்தத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் இருக்கும். இரண்டையும் ஒட்டிப் பார்க்காமல் முதியோரைப் பற்றி ஒரு வரி கூட எழுதாதீர்கள்.

இன்னொன்று, வயதை நம்பாதீர்கள். 40, 45, 50 என்று குவிந்து நிற்கும். முதியோர் உதவித்தொகைக்கு 60 வேண்டும் என்பதால் 57-ம் 60 ஆகும். 23 முதல் 62 வரையிலான வயதுகளில் 0, 5-இல் முடிபவர்களைக் கூட்டி, ஐந்தால் பெருக்கி, அந்த வயது வரம்பின் மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 100 என்றால் குவிப்பே இல்லை, 500 என்றால் எல்லாமே குவிப்பு. அதிகமாக வந்தால் ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளைக் கைவிட்டு அகலமாகப் பிரியுங்கள்.

ஆனால் இதையெல்லாம் சரிசெய்த பிறகும் 30–59 வயது ஆண்கள் குறைவாகவே வந்தால், அது உண்மையான பள்ளம். தேசியக் குடும்ப நல ஆய்வு-5 (2019–21) படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் சேர்த்து, ஆண்கள் 30.2 சதவீதம், பெண்கள் 24.8 சதவீதம். தேவை ஆண்களுக்குத்தான் அதிகம். அப்போதும் "ஏன்" என்ற கேள்விக்குப் பதிவேடு பதில் சொல்லாது.

துணைமையம்:
டாக்டர், அந்த "ஏன்" பற்றி நான் சொல்கிறேன். கொத்து வேலை, லோடு வேலைக்குப் போகிறவர் காலை ஏழு மணிக்கே பஸ் ஏறிவிடுவார். ஓ.பி.க்கு நின்றால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலம் இறங்கியதும் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை, இல்லையென்றால் ஏழு மணிக்கு மேல் திறந்திருக்கும் கிளினிக்கில் ஒரு ஊசி. ஆண்கள் வைத்தியமே பார்ப்பதில்லை என்பது தப்பு. உங்கள் பதிவேட்டுக்குத் தெரியாத இடத்தில் பார்க்கிறார்கள்.

பெண்களுக்கு மட்டும் பகல் ஓய்வா என்ன? நூறு நாள் வேலையில் காலை ஒரு போட்டோ, பிற்பகல் ஒரு போட்டோ எடுத்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. வேலை நடக்கிற வாரத்தையும் நடக்காத வாரத்தையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

சீட்டில் இன்னொரு சிக்கல். புருஷனின் மாத்திரையை வாங்க மனைவி வருவார். அவசரத்தில் வந்தவர் பெயரிலேயே சீட்டு விழும். ஒரு ஆண் நோயாளி ஒரு பெண் வருகையாகிவிட்டார்! குழந்தைக்குச் சளி மருந்து வாங்கும் அம்மாவுக்கும் இதே கதை. பழைய பதிவேட்டில் இதைப் பிடிக்க ஒரே வழி, மருந்துப் பத்தியைப் பார்ப்பது. 25 வயதுப் பெண் பெயரில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் என்றால் நோயாளி யாரென்று தெரிந்துவிடும்.

ஆண்களை ஸ்கிரீனிங்கில் பிடித்தாலும் அடுத்த படியில் நழுவுகிறார்கள். வேலையிடத்தில் பிரஷர் பார்க்கும்போது மூட்டை இறக்கிய கையோடு, பீடியை அணைத்த கையோடு கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, டீ, பீடி முடிந்து அரை மணி ஆன பிறகு, இரண்டு தடவை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டாலும் தப்பாகக் கூடும். அவசரத்தில் பார்த்து, உறுதி செய்ய நிலையத்துக்கு வரச் சொன்னால் பாதி ஆள் வரமாட்டார். வந்து நார்மல் என்றால் அடுத்த முறை கூப்பிட்டால் சிரிப்பார். ஸ்கிரீனிங் ஆனவர், உறுதியானவர், மாத்திரை தொடர்பவர் என்று மூன்று எண்ணாகப் போடுங்கள். ஆண், பெண் வித்தியாசம் எந்தப் படியில் விரிகிறது என்று அதில் தெரியும்.

தூரப்பயணம்:
நிலையத்தின் மட்டத்தையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்கள் அதிகம். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைகீழ். டெல்லி எய்ம்ஸின் 2016-ஆம் ஆண்டு புறநோயாளிகள் சுமார் 23.8 லட்சம் பேரை (மகப்பேறு, மகளிர் பிரிவு நீங்கலாக) ஆய்வு செய்தபோது, ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண் என்று வந்தது. டெல்லிக்காரர்களில் 1.48, பீகாரிலிருந்து வந்தவர்களில் 2.37. தூரம் கூடக் கூடப் பெண்கள் உதிர்கிறார்கள். இளவயதுப் பெண்களிடம் இது இன்னும் மோசம். பயணச் செலவு, துணைக்கு ஆள், தங்க இடம் என்று குடும்பம் கணக்குப் போடும்போது முதலில் தள்ளிப்போவது பெண்ணின் வைத்தியம்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் உங்கள் நிலையத்தைத் தாண்டித் தாலுகா ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகிறவர்களும் இருப்பார்கள். பேருந்துத் தடத்தில் உள்ள ஊர்களையும் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களையும் பிரித்து ஒப்பிட்டால் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அதுதான்.

மாத்திரைச்சீட்டு:
மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். 13–19 வயதுப் பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கருப்பைவாய்ப் பரிசோதனையும் 50-க்கு மேல் சட்டென்று குறைகிறது. இரண்டும் தயக்கம்தானா?

துணைமையம்:
முதலாவதில் தயக்கம் உண்டு. வெள்ளைப்படுதலுக்குக் கல்யாணமாகாத பெண் நிலையத்துக்கு வந்தால், பிரசவ வார்டு இருக்கிற இடம் என்பதால் ஊர் பேசும். வெளியூர் கிளினிக்குக்குப் போவார்கள். 18 வயதுக்குக் கீழ் கர்ப்பம் என்றால் பயம் வேறு: போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டம் 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். கருக்கலைப்பு என்றால், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரும் அடையாளமும் சேர்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் சொல்லியிருக்கிறது. கிராமத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்! கர்ப்பிணிகள் பதிவேட்டில் 18, 19 வயதில் மட்டும் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள், பயத்தில் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவதை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வகுஎண்:
அதில் பாதி உடற்கூறு. வி.ஐ.ஏ. என்ற கண்ணால் பார்க்கும் பரிசோதனையில் கருப்பைவாயில் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி முழு ஒரு நிமிடம் காத்திருந்து வெள்ளைத் திட்டைத் தேடுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பார்க்க வேண்டிய பகுதி கருப்பைவாய்க் கால்வாய்க்குள் போய்விடும், கண்ணுக்குப் படாது. அந்த வயதில் "நெகட்டிவ்" என்பதற்கு மதிப்பு குறைவு, எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனைதான் பொருத்தம். ஆகவே 30–49, 50–65 என்று பிரித்தே எழுதுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு-5-இல் 30–49 வயதில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்தியாவில் 1.9 என்பதால், ஒப்பிடவும் அந்த வயதே வசதி. மிச்சப் பாதிக்கு நிலையத்தின் தினசரி விவரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்று பெண் மருத்துவர் இருந்தாரா, பரிசோதனை மேசைக்குத் திரை இருந்ததா, அமிலம் அன்று கலக்கியதா. வயதைவிட இந்த மூன்று பத்திகளே அதிகம் விளக்கும் என்பது என் கணிப்பு.