அடிமைகளுக்கென வெட்டப்பட்ட வேதாகமம்: பாடம் எடுக்க உதவுங்கள்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபை வாலிபர் வகுப்பில் யாத்திராகமம் படிக்கிறோம். அதோடு, 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று அச்சிட்ட வேதாகமத்தைப் பற்றியும் பேசுகிறேன். மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்ட வரலாறே அதில் இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்னும் கலாத்தியர் 3:28உம் இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருக்கிறது! எந்த வசனம் மனிதனை நிமிர வைக்கும் என்று தொகுத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டுவார். சங்கீதம், ஏசாயா, சுவிசேஷங்களை ஆசையாகக் கேட்பார். பவுலின் நிருபங்களில் அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஐத் தவிர எதையும் வாசிக்க விடமாட்டார். எஜமானுடைய போதகர் "வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்" என்னும் பவுலின் வார்த்தையையே திரும்பத் திரும்பப் பிரசங்கித்ததுதான் காரணம்.

இதைக் கேட்ட ஒரு தம்பி, "அப்படியென்றால் பாட்டி செய்ததும் வெட்டுதானே அண்ணா?" என்றான். இரண்டும் ஒன்றல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்று விலங்கு பூட்டியவனின் கத்தரி, மற்றது காயம்பட்டவளின் உரிமை. ஆனாலும் வேதத்தைக் கொண்டே அவனுக்கு விளக்க விரும்புகிறேன். சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையை இயேசு அறிவிக்கும் லூக்கா 4:18இலிருந்து தொடங்கலாமா? அடிமையாயிருந்த ஒநேசிமுவுக்காக அவன் எஜமானுக்குப் பவுல் எழுதிய பிலேமோன் நிருபத்தை எப்படிக் கையாளுவது? இறையியல் படித்தவர்கள் வழிகாட்டுங்கள்.

கறுப்பின மக்களின் வேத வாசிப்பு பற்றித் தமிழில் எளிய கட்டுரைகள் இருந்தால் அனுப்புங்கள். வகுப்பில் பலருக்கு ஆங்கிலம் வராது.