மர்மம் தீர்ந்த பின்னும் எந்தப் புத்தகம் நிற்கிறது?

வைகைக்கரை:
பிடித்த புத்தகங்களைப் பலரும் பட்டியலிட்டு வருகிறீர்கள். சரித்திர நாவல், துப்பறியும் கதை, குடும்பக் கதை, தன்வரலாறு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை கையில் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் அதைப் பொழுதுபோன புத்தகம் என்று சொல்லுங்கள், பிடித்த புத்தகம் என்று சொல்லாதீர்கள்.

பேருந்து நிலையக் கடையில் வாங்கிய மாத நாவலில் கொலைகாரன் யாரென்று தெரிந்த நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அதிலும் கொலை உண்டு. ஆனால் கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தவன் பதினைந்து வயதுச் சிதம்பரம். அண்ணனைப் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளை. யார், ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கையில் இருக்கிறது. அதன் பிறகு அப்பாவும் மகனும் காடு மேடாக ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே நான் திரும்பத் திரும்ப அந்த நாவலுக்குப் போகிறேன். எந்த மாத நாவல் இப்படி அழைக்கிறது?

இரவு ரயில்:
நண்பரே, உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருக்கிறார்கள். குற்றவாளி யார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சங்கர்லால் தேநீர் குடித்தபடி யோசிக்கிற நிதானத்துக்காகவும், பார்த்தே இராத ஊர்களுக்கு அவரோடு போய்வரவும் படித்தார்கள். சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சு அவிழ்ந்த பிறகு கணேஷின் அடக்கமும் வசந்தின் வாய்த்துடுக்கும் எங்கே போய்விடுகின்றன? 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி ஒரு நகரத்து இளைஞன் கிராமத்து ஜமீன் வீட்டுக்கு வருகிறான். கொலையை மறந்தவர்களுக்கும் அந்த வீடும் அந்தப் பாடல்களும் நினைவில் இருக்கின்றன. எனக்கு இருக்கின்றன.

ராஜேஷ்குமார் 1500க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவற்றில் எல்லாமே நிற்கும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை ஒரே மூச்சில் முடிக்க முடியும் என்ற நம்பிக்கையை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தவை அந்த மாத நாவல்கள்தாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையிலிருந்து சரளமாக வாசிக்கிற நிலைக்கு வந்த அந்த மனிதர்களை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடாதீர்கள்.

கரிசல் மண்:
இந்தப் 'படிக்கட்டு' வாதத்தைப் பல காலமாகக் கேட்டுவருகிறேன். முதலில் இது, பிறகு அது, கடைசியில் இலக்கியம். என் ஊரில் மாத நாவல் படித்தவர்கள் மாத நாவலே படித்தார்கள், தொலைக்காட்சித் தொடர்கள் வந்ததும் அதையும் விட்டுவிட்டார்கள். மேலே ஏறியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

விறுவிறுப்பு ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது நடந்தாக வேண்டும் என்று வாசகன் எதிர்பார்க்கத் தொடங்குகிறான். அப்படிப் பழகியவனிடம் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் கொடுத்துப் பாருங்கள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலைகிற ஜமுனா, தங்கை சாயா, தெருவைத் தோண்டிப் போட்ட பள்ளங்கள். "இதில் கதை எங்கே?" என்று கேட்பான். ஒரு நகரம் முழுக்க வறண்டு கிடக்கும்போது ஒரு பெண் மனத்தளவில் எப்படி எழுந்து நிற்கிறாள் என்பதுதான் கதை. அது அவன் கண்ணில் படாது. குறை அவனிடம் இல்லை. அவனுக்கு ஊட்டப்பட்ட தீனியில் இருக்கிறது.

விமர்சகர் க.நா.சு. வாழ்நாள் முழுக்கத் தொடர்கதை ருசிக்கு எதிராக எழுதினார். அன்றைக்கு அவரைத் திட்டாதவர்கள் குறைவு. இருந்தாலும் அந்தப் பிடிவாதம் தமிழுக்குத் தேவைப்பட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மல்லிகைப்பந்தல்:
மூன்று பேரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை படிப்பதற்கு நேரம் யாருக்கு இருக்கிறது?

என் அம்மா சமையலறை வேலை எல்லாம் முடித்து, பாத்திரம் கவிழ்த்துவிட்டு, இரவில்தான் புத்தகம் எடுப்பார். அடுத்த நாள் அதை லெண்டிங் லைப்ரரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுவாசிப்புச் செய்ய முடியாது. ரமணிசந்திரன், சிவசங்கரி, லக்ஷ்மி என்று அவர் படித்தவை எல்லாம் ஒரே வாசிப்போடு போனவை. ஆனால் அவற்றில் வந்த பெண்கள் எடுத்த முடிவுகளைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காவோடு மாதக்கணக்கில் விவாதித்தார். "அவள் ஏன் திரும்பிப் போனாள்? நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் வாயிலிருந்து 'நானாக இருந்தால்' என்ற பேச்சு வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் வந்ததில்லை. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

குடும்பக் கதை என்றாலே ஒரு இளக்காரம் இருக்கிறது. லக்ஷ்மி ஒரு மருத்துவர். படிக்கிற காலத்தில் ஆனந்த விகடனில் எழுதிய பணம் அவருடைய மருத்துவப் படிப்புக்கு உதவியது. பிறகு தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவரை வாசித்தவர்களில் எத்தனை பெண்கள் நாமும் படிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருப்பார்கள்!

நான் ராஜம் கிருஷ்ணனும் படிப்பேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' என்னை உலுக்கிய நாவல். அதற்காக அம்மா படித்தவற்றைக் கீழே இறக்க என்னால் முடியாது.

கரிசல் மண்:
அக்கா, உங்கள் அம்மா பேசியது உண்மையான வாசிப்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விவாதத்தின் பெருமை உங்கள் அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேரும், புத்தகத்தைச் சேராது. அந்தக் கதைகளில் பெரும்பாலானவை கடைசி அத்தியாயத்தில் பெண்ணை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தானே முடிகின்றன? உங்கள் அம்மா அந்த முடிவோடு சண்டை போட்டார். 'கரிப்பு மணிகள்' உங்களை உலுக்கியது என்கிறீர்கள். அதில் அப்படிச் சமாதானமாகும் முடிவு கிடையாது. உங்கள் வாக்கு எந்தப் பக்கம் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மல்லிகைப்பந்தல்:
இல்லை தம்பி, என் வாக்கை நீங்கள் போடாதீர்கள். சண்டை போடுவதற்கு ஒரு புத்தகம் வேண்டும். யாரும் கையில் எடுக்காத நல்ல புத்தகத்தோடு யாரும் சண்டை போடுவதில்லை.

ஓலைச்சுவடி:
மர்மக் கதையா, இலக்கியமா என்று பிரிக்கிறீர்கள். நான் வாசித்தவற்றுள் மிகச் சிறந்த தேடல் கதை ஒரு தன்வரலாறு. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், 1880இல் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியாரோ அசரவில்லை. இதெல்லாம் பிற்காலத்து நூல்கள், பழைய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்கிறார். அங்கேதான் கதை திரும்புகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு, தான் பார்த்திராத ஒரு பெரிய உலகம் பின்னால் கிடக்கிறது என்று தெரியவருகிறது. ஏட்டுச் சுவடி கைக்கு வருகிறது, பொருள் பிடிபடவில்லை. சமணர் வீடுகளைத் தேடிப் போய் விளக்கம் கேட்கிறார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறுகிறது.

இதே புத்தகத்தில் கரிவலம்வந்தநல்லூர் வருகிறது. ஒரு பாண்டிய மன்னர் சேர்த்து வைத்திருந்த ஏடுகளைத் தேடிப் போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் எனக்கு வருகிற பதற்றத்தை எந்தத் துப்பறியும் நாவலும் தந்ததில்லை. எரிந்த சுவடிகளில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொன்று. தமிழ் நாவல் பிறந்த காலத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. 1890களில் விவேக சிந்தாமணியில் வந்த 'கமலாம்பாள் சரித்திரம்' குடும்பக் கதை. அதில் பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரனும் வருகிறான், வேதாந்தமும் வருகிறது. வாசகர்கள் எல்லாவற்றையும் சேர்த்தேதான் வாசித்தார்கள்.

வைகைக்கரை:
ஓலைச்சுவடி ஐயா சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். முடிவு தெரிந்த பிறகும் பதற வைக்கிறது என்கிறாரே, அதைத்தான் நான் கேட்கிறேன். மல்லிகைப்பந்தல் சொன்ன நேரமில்லாத நிலையையும் உணர்கிறேன். அப்படியானால் கேள்வியை இப்படி வைக்கிறேன்: கையில் புத்தகம் இல்லாதபோதும் அது மனத்தில் தொடர்ந்து நடக்கிறதா?

இரவு ரயில்:
அந்தக் கேள்விக்கு 'பொன்னியின் செல்வன்' ஒன்று போதும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை. மணியம் படம் வரைந்தார். வீட்டுக்கு வீடு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். க.நா.சு. வழியில் வந்தவர்களுக்கு அது வெறும் தொடர்கதை. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. கடம்பூர் மாளிகையின் இருட்டில் நடந்ததைக் கல்கி முழுதாக வெளிச்சம் போட்டுக் காட்டவில்லை. முடிச்சை அவிழ்க்காமல் விட்ட துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

கரிசல் மண்:
வரலாறே அப்படித்தான் விட்டிருக்கிறது. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தி இருக்கிறது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்களும் உள்ளன. ஏன் கொன்றார்கள் என்பது மட்டும் இல்லை. கல்கி அந்த இடைவெளியில் நந்தினியைப் படைத்து நிறுத்தினார். அது அவருடைய திறமை, ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தமெல்லாம், நந்தினியை வரலாறு என்றே நம்புகிறவர்கள் அந்தக் கல்வெட்டைப் பார்க்க ஒருநாளும் போவதில்லை என்பதுதான்.

இரவு ரயில்:
போகிறார்கள். உடையார்குடிக்கும் பழுவூருக்கும் வீராணம் ஏரிக்கும் அந்த நாவலைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கல்வெட்டு என்றால் என்னவென்று எனக்கே அந்த நாவல்தான் கற்றுக்கொடுத்தது. சதாசிவ பண்டாரத்தாரின் சோழர் வரலாற்றை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நீங்கள் இல்லை என்று சொன்ன படிக்கட்டு இதுதான்.

கரிசல் மண்:
சரி, சரித்திர நாவலிலிருந்து வரலாற்று நூலுக்குப் போனீர்கள். அதே சாகச ருசியோடு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கு எத்தனை பேர் வந்தார்கள்? 1972இல் வந்த புத்தகம். இரண்டாம் உலகப் போர், மெடான், பினாங்கு, நேதாஜியின் படை, கொரில்லாச் சண்டை, கடலில் புயல். சாகசக் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்த மனிதர் எழுதியது. பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. சாண்டில்யனின் 'கடல் புறா'வைக் கொண்டாடியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

இரவு ரயில்:
அவர்கள் கைக்கு அது போய்ச் சேரவில்லை. வார இதழில் வரவில்லை, லெண்டிங் லைப்ரரியில் இல்லை. வாசகர்களைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை அவர்களிடம் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சாண்டில்யன் படித்த ஒருவரிடம் நான் சிங்காரத்தைக் கொடுத்திருக்கிறேன், முழுக்கப் படித்தார். இலக்கியம் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் மட்டும் புத்தகம் கைமாற்றிக்கொண்டு, மற்றவர்கள் வரவில்லை என்று குறைப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மல்லிகைப்பந்தல்:
நான் சிங்காரத்தை இதுவரை படித்ததில்லை. எடுத்ததும் புரியுமா?

கரிசல் மண்:
தொடக்கம் கொஞ்சம் கடினம் அக்கா. மெடான் நகரத்துக்குள் ஜப்பானியப் படை நுழைகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. தெருப்பெயர்களும் மலாய், டச்சுச் சொற்களும் குவியும். ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், கடந்து போங்கள். கதாநாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்கிற பகுதிகள் வந்ததும் பிடித்துக்கொள்வீர்கள். தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் கடலைக் கடக்கும்போது புயல் அடிக்கிற அத்தியாயத்தை மட்டும் இரவில் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இரவு ரயில்:
படித்துவிட்டு இங்கே எழுதுங்கள், அக்கா. நண்பர்கள் பேசிக்கொள்கிற பகுதி வேகத்தைக் குறைக்கிறது என்பது என் கட்சி, அதுதான் நாவலின் உயிர் என்பது கரிசல் மண்ணின் கட்சியாக இருக்கும். உங்களுக்கு எப்படிப் படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.