பைத்தானில் நெல் மூடைக் கணக்கு

பரந்தன் தம்பி:
அப்பாவின் நெல் கணக்கைப் பைத்தான் 3 என்ற கணினி நிரல்மொழியில் எழுதுகிறேன். 1000 கிலோ நெல், மூடைக்கு 70 கிலோ. 1000 / 70 போட்டால் 14.2857 என்று நீளுது. முழு மூடையும் மிச்சக் கிலோவும் தனித்தனியாக வேண்டும். கிட்டிய முழு எண்ணாக்கும் ரவுண்ட் (round) போடலாமோ?

மாங்குளம் அண்ணை:
வேண்டாம் தம்பி. 1000 // 70 போட்டுப் பாரும், 14 வரும். 1000 % 70 போட்டால் 20, அதுதான் மிச்சம். இந்த % நூற்றுவீதம் இல்லை, வகுத்த மீதி.

முள்ளியவளை அக்கா:
எத்தனை சாக்கு வேண்டும் என்பது வேறு கணக்கு. பைத்தானோடு வரும் மாத் (math) மொடியூலில் சீல் (ceil) இருக்கு, 15 என்று மேலே தூக்கித் தரும். ரவுண்ட் 14 தான் சொல்லும், 20 கிலோ நெல் களத்திலேயே கிடக்கும். அதோடு ரவுண்ட் சரிபாதியை இரட்டை எண்ணுக்குத் தள்ளும்: 2.5க்கு 2, 3.5க்கு 4. விவசாயியின் காசுக் கணக்கில் அதை நம்பாதையும், தசம எண்களுக்கான டெசிமல் (decimal) மொடியூலைப் பாவியும், சரிபாதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதையும் அதில் நீரே சொல்லும்.

பரந்தன் தம்பி:
சரி அக்கா, சாக்குக்குச் சீல் போடுறன்.