பெரிய அட்ரினல் கட்டியை லேப்ராஸ்கோபியில் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தக்கலையில் இருக்கும் என் மைனிக்கு வலது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 8 செ.மீ. கட்டி. மீன் வெட்டக் குனிந்தாலே நெஞ்சு படபடக்கும், பிரஷர் 200-ஐத் தாண்டும், சேலை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டும். 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஃபியோகுரோமோசைட்டோமா, அதாவது பிரஷரை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி என்று தெரிந்தது. இப்போது பிரஷரை அடக்க பிராசோசின் மாத்திரை ஓடுகிறது. பிரஷர் அடங்காமல் ஆபரேஷனுக்கு எடுக்கவே கூடாதாம்.

ஒரு டாக்டர் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி போதும் என்கிறார். இன்னொருவர், 6 செ.மீ.க்கு மேல் போனால் புற்றாகவும் இருக்கலாம், வயிற்றைத் திறப்பதே நல்லது என்கிறார். ஸ்கேனில் ஈரலிலோ ரத்தக்குழாயிலோ ஒட்டியதாகத் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் தவித்துப்போய் இருக்கிறோம்.

நாகர்கோவில், திருவனந்தபுரம், மதுரைப் பக்கம் இவ்வளவு பெரிய கட்டியைத் துளை போட்டு எடுத்தவர்கள் உண்டா? பாதியில் திறக்க வேண்டி வந்ததா? அட்ரினல் ஆபரேஷன் நிறைய செய்த டாக்டர் யாரென்று இன்பாக்ஸில் சொன்னால் பெரிய உதவி.