வெள்ளகோவில் பக்கம் 4 ஏக்கர் மானாவாரிக் காடு: கையில் 22 லட்சம், எதை முதலில் செய்வது?

புதுக்காட்டுக்காரன்:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாசம் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் 4 ஏக்கர் கிரயம் பண்ணினேன். செம்மண்ணும் சுக்கான் கல்லும் (சுண்ணாம்புக் கல்) கலந்த காடு. 80 அடிக் கிணறு ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் ஏறும் தண்ணீர் தை மாசம் வரை நிற்கும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். வாய்க்கால் பாசனம் கிடையாது.

நான், மனைவி, ரெண்டு பொண்ணுங்க, அம்மா. அடுத்த வருசம் அங்கேயே குடிபோய்விட வேண்டும். மனைவிக்குத் தனியார் பள்ளியில் 18,000 சம்பளம், அது தொடரும். பத்திரச் செலவெல்லாம் போக 22 லட்சம் மிச்சம். என் கணக்கு: 800 சதுர அடி வீடு 16 லட்சம், போர், மோட்டார் 3 லட்சம், கம்பி வேலி 3.2 லட்சம், 2 ஏக்கர் தென்னைக்குச் சொட்டுநீரோடு 1.5 லட்சம், ரெண்டு காங்கேயம் மாடு 1.5 லட்சம். கூட்டினால் 25 லட்சத்தைத் தாண்டுகிறது. நகைக்கடன் வாங்கலாமா, இல்லை எதையாவது தள்ளிப் போடலாமா? அந்தப் பக்கம் பாடுபடுகிறவர்கள் சொல்லுங்க.

தாராபுரத்து அக்கா:

தம்பி, நகையை வைக்காதீங்க. உங்க கணக்குல தப்பு தொகையில இல்லீங்க, வரிசையில இருக்குது. தண்ணி பாயுற தோட்டத்துக்குப் போடுற செலவை, மழையை நம்பி இருக்கிற காட்டுக்குப் போட்டிருக்கீங்க.

முதல்ல தென்னையை எடுத்துருங்க. 25 அடி இடைவெளியில ஏக்கருக்கு 70 மரம், ரெண்டு ஏக்கருக்கு 140. காய்க்கிற வயசுல கோடையில சொட்டுநீர்லயே மரத்துக்கு 60 லிட்டர்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 8,400 லிட்டர் வேணும். தை மாசத்தோட வத்துற கிணத்தை நம்பி அதை வைக்க முடியாது. போர் போட்டுக் காப்பாத்தலாம்னு ஆயிரம் அடி இறக்கினவங்க தோப்பு எங்க ஊர்ல மட்டையெல்லாம் தொங்கி நிக்கிறதைப் பார்க்கவே வயிறு எரியுது. வெள்ளை ஈத் தொல்லை வேற.

உங்க காடு கொரங்காட்டுக்குன்னே, அதாவது வேலி அடைச்ச மானாவாரி மேய்ச்சல் காட்டுக்குன்னே, இருக்கிற மண்ணு. மூணு ஏக்கரை அப்படியே மேய்ச்சலுக்கு விடுங்க. மழைக்கு முன்னாடி உழுது கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி, அங்கங்கே வெள்வேல் மரம் வெச்சிருங்க. கோடையில புல் காஞ்சாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். இந்தச் சீமையில மழை வருசத்துக்குச் சுமாரா 600 மில்லி மீட்டர்தான். அதை வெச்சே எங்க பாட்டன் பூட்டன் மாடும் ஆடும் வளர்த்தாங்க. மேச்சேரிச் செம்மறி ஆடு 15 உருப்படியும் ஒரு கிடாயும் போதும், 1.6 லட்சம் ஆகும். புல் ஒரு மழை பார்த்து வேர் பிடிச்சதுக்கு அப்புறம் வாங்குங்க. காங்கேயம் மாட்டு மேல ஆசை இருந்தா அடுத்த சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு கிடாரிக்கன்னு பிடிச்சுட்டு வாங்க, வீட்டோட பழகி வளரட்டும்.

கம்பி வேலி 3.2 லட்சம் வேண்டவே வேண்டாமுங்க. உயிர்வேலியாக் கிளுவைப் போத்து (நட்டா வேர் விடுற கிளை) ஊனுங்க. முதல் ரெண்டு மூணு வருசம் இடைவெளியில முள் அடைக்கணும். ஆள் கூலி, முள், போத்து எல்லாம் சேர்த்து 60,000 ஒதுக்குங்க.

அடுத்தது தண்ணி. கிணத்தைத் தூர் வாரி, சரிவு முடியுற மூலையில ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்க. ரெண்டுக்கும் 2 லட்சம். தூர் வாரினதும் முழுசா இறைச்சுப் போட்டு, எத்தனை மணி நேரத்துல எவ்வளவு ஊறுதுன்னு பாருங்க. அதையே சித்திரையில இன்னொரு தடவை பாருங்க. அந்தக் கணக்கு கையில இல்லாம போர்க்காரரைக் கூப்பிடாதீங்க.

வீடுன்னு சொல்லாம சாளைன்னு (காட்டுக்குள்ள கட்டுற எளிய வீடு) நினைச்சுக் கட்டுங்க. 500 சதுர அடி, ஓட்டுக்கூரை, முன்னாடி நீளமாத் திண்ணை. 7.5 லட்சத்துல முடியும். அந்தக் கூரையில விழற மழையே வருசத்துக்கு 25,000 லிட்டருக்கு மேல வரும். அஞ்சு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர்னாலும் 15,000 லிட்டர் தொட்டி ஒண்ணு வருசத்தையே தாங்கும். தொட்டிக்கு 1.2 லட்சம். அந்தப் பக்கம் போர்த் தண்ணி உப்பா இருக்கிற இடம் நிறைய, அதனால தொட்டியை மட்டும் விட்டுராதீங்க.

கூட்டிப் பாருங்க, 13 லட்சத்துக்குள்ள நிக்குது. கரண்ட்டுக்கும் வண்டித்தடம் சரி பண்றதுக்கும் ஒரு லட்சம். 4 லட்சத்தை ஒரு வருசச் சாப்பாட்டுக்கும் பொண்ணுங்க பீஸுக்கும் தனிக் கணக்குல போட்டுருங்க, அதுல கை வைக்காதீங்க. இன்னொரு 4 லட்சம் மிஞ்சும். போரா மாடான்னு ஒரு கோடை கழிஞ்சு முடிவு பண்ணுங்க.

பழைய மணியம்:

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலி போடும் முன் சர்வேயரை வைத்து புலப்படப்படி (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கு எல்லையும் அளந்து கல் நட்டுவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூட இருக்கும்போதே அளக்க வேண்டும். வண்டித்தடம் உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்று பாருங்கள். தடம் வாய்ப்பேச்சாக இருந்தால் ஜல்லி லாரி வரும் நாளில்தான் சண்டை தொடங்கும்.

கிணற்றுக்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. வீட்டு வரைபடத்துக்கு ஊராட்சி அனுமதியும் வேண்டும். சிறு குறு விவசாயி சான்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், காய்கறிப் பாத்திக்கு உதவும்.

மூலனூர் முருங்கை:

அக்கா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் ஆட்டை மட்டும் வைத்து வீட்டுச் செலவு ஓடாதுங்க. கிணற்றை ஒட்டி அரை ஏக்கர் செடிமுருங்கை வையுங்கள். தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும், ஆறாம் மாசத்திலிருந்து காய் வரும், மூலனூரில் சந்தையும் பக்கம். விலை பாதாளத்துக்குப் போகும் மாசமும் உண்டு, அதனால் அரை ஏக்கருக்கு மேல் வேண்டாம்.

புதுக்காட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. ராத்திரி மனைவியும் நானும் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டோம், கடன் இல்லாமல் முடிகிறது. தென்னையை விட அம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை. வீட்டுத் தேவைக்கு மட்டும் குளியல் தண்ணீர் போகும் வழியில் நாலு மரம் வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தடம் பத்திரத்தில் இருக்கிறது, நாளைக்கே அளவைக்கு மனுக் கொடுக்கிறேன். அக்கா, கிளுவைப் போத்து எப்போ ஊனலாம்?

தாராபுரத்து அக்கா:

ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ஊனிருங்க தம்பி. பழைய வேலி கழிக்கிறவங்ககிட்டச் சொல்லி வெச்சா போத்து சும்மாவே கிடைக்கும், வண்டி வாடகைதான். கட்டை விரலை விடப் பருமனா, நல்லா முத்தினதா எடுங்க, இளசு அழுகிரும். ஆனா கல்லு நட்டதுக்கு அப்புறம்தான்.